பின் கதவைத் திறந்து நின்றவர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். பழைய கார் வாங்குபவர்களுக்காக வண்டியைச் சோதித்துச் சொல்வது என் தொழில். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயரே 'சந்தேகம்'தான். விற்பவர் சிரித்தால் எனக்குச் சந்தேகம் வரும். சிரிக்காவிட்டால் இன்னும் வரும். ஆனால் இது என் கண்ணெதிரே, பட்டப்பகலில் நடந்தது.

அக்காவும் அத்தானும் ஓர் எஸ்யூவியைப் பார்த்து வைத்திருந்தார்கள். அவர்கள் மகள் பட்டாணி தினமும் பள்ளிக்கூடம் போகப்போவது அதில்தான். அவள் என் உயிர். அது தெரிந்துதான் அக்கா என்னிடம் வந்தாள்.

"நீ சரின்னா வாங்குறோம். என் புள்ள போற வண்டிடா. நல்லாப் பாத்துச் சொல்லு."

விற்பவர் ஒரு பல் டாக்டர். தனி ஆள். சிரிக்கவே இல்லை. வழக்கம்போல் என் காரை எஸ்யூவியின் இடப்பக்கம், சமதரையில், நடுவே ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நிறுத்தினேன். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துவிட்டால் எது சாய்ந்திருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

தெரிந்தது. எஸ்யூவியின் பின்பக்கம், இடது மூலை தாழ்ந்திருந்தது. டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே, வலப்பக்கம் என் உள்ளங்கை முழுதாக நுழைந்தது. இடப்பக்கம் விரல்கள்தான் நுழைந்தன.

ஸ்பிரிங் போயிருக்கும் என்று நினைத்து ஜாக்கி போட்டுத் தூக்கினேன். ஸ்பிரிங் புத்தம் புதிது. டயரில் காற்றும் சரி. டிக்கியில் ஒரு துரும்பு கூட இல்லை. இன்ஜினைக் குறை சொல்ல வழியே இல்லை.

"ஸ்பிரிங் எப்ப மாத்தினீங்க?"

"போன மாசம்." குனிந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்தார். "அதுக்கு முன்னாடியும் மாத்தினேன்."

எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. மனிதர் எதையோ மறைக்கிறார்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். முன்சீட்டில் ஏறுவதற்கு முன்னால் அவர் இடது பின்கதவைத் திறந்தார். கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு மெதுவாக மூடினார். உள்ளே எதையும் வைக்கவில்லை, எடுக்கவும் இல்லை. விற்கிற வண்டிக்கு இத்தனை பவிசா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆளில்லாத சாலையில் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். வண்டி நேராக நின்றது. பின்னால்...

டக்.

சீட் பெல்ட் இறுகும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டின் இடது பெல்ட் மாட்டியிருந்தது. கிளம்பும் முன் எல்லா பெல்ட்டையும் இழுத்துப் பார்த்துக் கழற்றிவிட்டவன் நான்.

அது சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. ஒரு சாண் முன்னால் நின்றது. விறைப்பாக.

மறுபடி மிதித்தேன்.

டக்.

டாக்டர் பின்னால் திரும்பவே இல்லை.

வண்டியைப் பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டு, வேண்டாம் என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. என் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கார்ல யாரெல்லாம் போவீங்க?"

"நானும் அக்கா பொண்ணும்." இவரிடம் ஏன் சொன்னேன் என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கருவிப்பெட்டியை என் டிக்கியில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் இரண்டு வண்டிக்கும் நடுவே நின்றார். ஒரு கையில் எஸ்யூவியின் பின்கதவு. மறு கையில் என் காரின் பின்கதவு. இரண்டும் திறந்திருந்தன.

"உங்க கதவு சரியா மூடல" என்றார். மெதுவாக மூடினார்.

அன்று முதல் முறையாகச் சிரித்தார்.

நல்ல வேளை, தப்பித்தோம் என்று அக்காவிடம் சொன்னேன். வேறு வண்டி கிடைக்கும்வரை பட்டாணியைப் பள்ளியில் விடுவதாக நானே ஏற்றுக்கொண்டேன். அப்படி ஒரு காலையில் அக்கா வீட்டு வாசலில் நிற்கும்போது போன் வந்தது. என்னைப் போலவே வண்டி சோதிக்கும் நண்பன்.

"அந்த டாக்டர் வண்டியவா வேண்டாம்னு சொன்ன? நேத்து நான் பாத்தேன். தங்கமான வண்டிடா. ஒரு நூல் சாய்வு இல்ல."

நான் நம்பவில்லை. சாய்வைக் கையால் அளந்தவன் நான்.

அப்போதுதான் என் காரைப் பார்த்தேன்.

வலது பின்சக்கரம். கையை நீட்டினேன்...

விரல்கள்தான் நுழைந்தன.

உள்ளே எட்டிப் பார்த்தேன். பட்டாணி ஏற்கனவே பின்சீட்டில் ஏறியிருந்தாள். இடது ஜன்னலோடு ஒண்டியபடி. புத்தகப் பை மடியில்.

"ஏன்டா ஒடுங்கி உக்காந்திருக்க? பைய அந்தப் பக்கம் வை."

பக்கத்துச் சீட்டைப் பார்த்தாள். அங்கே பெல்ட் மாட்டியிருந்தது.

"அங்க இடமில்ல மாமா."