ஆரணிக்கு வந்த மஞ்சள் காரும் சேகர் சாரும்

அன்று காலை, நம்பர் பிளேட் இன்னும் வரவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் என் மேஜையைத் தட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. சேகர் சாரின் மைத்துனர். "அக்கா, மாமா போயிட்டாருக்கா" என்றார். சந்தவாசலில் வீட்டு வாசலில் பைக்கை உதைக்கப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், அப்புறம் எழுந்திருக்கவில்லை. நான் போனை வைத்த பிறகும் அந்த வாடிக்கையாளர் கத்திக்கொண்டே இருந்தார். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. இதை எழுதும் இப்போதும் அது போகவில்லை.

எங்கள் கார் ஷோரூமில் நான் ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் பார்க்கிறேன். சேகர் சார், முழுப் பெயர் தனசேகரன், விற்பனைப் பிரிவில் இருந்தார். ஆரணியிலும் சுற்று வட்டாரத்திலும் எங்கள் கம்பெனிக் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவர் கையால் சாவி வாங்கியவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவருடைய கார் பைத்தியம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் கம்பெனி, ஆபீசுக்குப் போக, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட என்று சாதாரணக் கார்களைச் செய்யும் கம்பெனி. அதே கம்பெனி வெளிநாட்டில் ஒரு சூப்பர் காரும் செய்கிறது. தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும், எஞ்சின் முதுகுப் பக்கம் இருக்கும், ஆள் இரண்டு பேருக்கு மேல் உட்கார முடியாது. அந்தக் காரை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

வருகிறவர்கள் மைலேஜ் கேட்டால், இவர் போனைத் திறந்து அந்தக் காரின் வீடியோவைக் காட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முள்ளிப்பட்டிலிருந்து முருகேசன் என்று ஒரு நெசவாளர், முதல் கார் வாங்க மனைவியோடு வந்திருந்தார். அவருக்கும் வீடியோ ஓடியது. மனிதர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது. இதுல பொடவ மூட்டைய எங்க வெக்கறதுங்க?" என்றார்.

"வெக்க முடியாதுங்க. அதுக்குத்தான் நீங்க பார்த்துகினு இருக்கற இந்தச் சின்ன வண்டி. ரெண்டையும் செய்யறது ஒரே கம்பெனி. அதுல குத்தியிருக்கற முத்திரைதான் இதுலயும்" என்றார் சேகர் சார்.

அவர்கள் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏன் சார் வர்றவங்கள பேஜார் பண்றீங்க? ஊர்ல எவன் வாங்கப் போறான் அத?"

"யாரும் வாங்க வேணாம் மேடம். பெரிய மனுஷனுக்குன்னே வண்டி செய்யறவன் இத செஞ்சா அதுல இன்னா இருக்குது? நம்ம மாதிரி ஆளுக்கு வண்டி செய்யறவன் செஞ்சிருக்கான் பாருங்க, அதுதான் சமாச்சாரம்." கூலி வேலைக்குப் போன வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் அவர்.

காட்சிக்காக அந்தக் காரைச் சில பெரிய ஊர்களுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்ததும் கம்பெனி மேலதிகாரிகளை அவர் விடவில்லை. பெங்களூரிலிருந்து சென்னைக்குப் போகிற வழியில் ஆரணியில் அரை நாள் நிறுத்துங்கள் என்று கெஞ்சினார். என்ன நினைத்தார்களோ, சரி என்றார்கள். ஒரே நிபந்தனை, காரைத் தெருவில் இறக்கக் கூடாது, ஷோரூமுக்குள் சமதரையில்தான் நிறுத்த வேண்டும். சேகர் சார் எங்கள் ஷோரூம் முதலாளியிடம் நாலு விரல்களைச் சேர்த்துக் காட்டினார். "நாலு விரக்கடைதாங்க வண்டிக்கும் தரைக்கும். வாசல்ல ஒரு தடங்கலும் இருக்கக் கூடாதுங்க." முதலாளியும் தலையாட்டினார்.

முதலாளி பட்டு வியாபாரக் குடும்பத்துக்காரர், மரியாதை தெரிந்தவர். மரியாதைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. விலை உயர்ந்த வண்டி முதல் முறையாக உள்ளே வருகிறது, நிலைப்படி இல்லாத வாசலில் எப்படி அழைப்பது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் ஆளை வைத்து, ஷோரூம் வாசலின் குறுக்கே ஒரு கருங்கல்லைப் பதித்துவிட்டார். திங்கட்கிழமை நான் போனபோது கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பூஜையும் முடிந்திருந்தது. சேகர் சாருக்கு எதுவும் தெரியாது. அவர் லாரியை எதிர்கொள்ள வீட்டிலிருந்து நேரே கண்ணமங்கலம் போயிருந்தார். நான் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். பைக்கில் வருகிறவருக்கு அது எங்கே கேட்கும்?

லாரிக்கு முன்னால் ஊர்வலத்துச் சாமிக்கு வழிவிடச் சொல்கிறவர் போலக் கையை ஆட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். காருக்கு உறை போட்டிருந்தது. கல்லைப் பார்த்ததும் பைக்கிலேயே உட்கார்ந்துவிட்டார். பலகை போட்டு ஏற்றலாமா என்று கேட்டோம். காரோடு வந்த மெக்கானிக், அடிவயிறு உரசும், முடியாது என்றார். கல்லைப் பெயர்த்துவிடலாம் என்று நான் சொன்னதுதான் தாமதம், முதலாளி காதைப் பொத்திக்கொண்டார். "பூஜ போட்ட நெலப்படிய ஒடைக்கறதா? வாயால சொல்லாதம்மா!" என்றார்.

இறக்க முடியாவிட்டால் லாரி உடனே சென்னைக்குக் கிளம்ப வேண்டும். கடைசியில் மெக்கானிக் மனம் இரங்கி, லாரி மேலேயே கொஞ்ச நேரம் உறையைக் கழற்றிக் காட்டுகிறேன் என்றார். அப்போது பார்த்துப் பின்பக்கத்திலிருந்து அழைப்பு. அன்றைக்குத்தான் முருகேசன் குடும்பம் கார் எடுக்க வந்திருந்தது. எமகண்டம் தொடங்குவதற்குள் கிளம்ப வேண்டும், சேகர் அண்ணன் கையால்தான் சாவி வாங்குவோம் என்று நின்றார்கள். சேகர் சார் பின்பக்கம் போய்விட்டார்.

உறையைக் கழற்றினார்கள். நல்ல மஞ்சள் நிறம். பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர்கள் இறங்கி வந்தார்கள். டீக்கடைக்காரர் செல்பி எடுத்தார். நான் பின்பக்கம் ஓடி, "சார், ஜல்தி வாங்க" என்று கத்தினேன். முருகேசனின் மனைவி பெட்ரோல் மூடி எப்படித் திறப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார். இவர் குனிந்து நிதானமாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "ரெண்டே நிமிஷம் மேடம், எலுமிச்சம்பழம் ஏத்திட்டு வந்துடறேன்" என்றார். சின்னக் கார் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு பின்தெருவில் இறங்கிக் கண்ணுக்கு மறையும் வரை கையசைத்துவிட்டு அவர் முன்பக்கம் வந்தபோது, உறை போட்டுக் கட்டியாகிவிட்டது. லாரி கிளம்பிக்கொண்டிருந்தது.

எனக்கு அந்தக் காரின் மேல் எந்த ஆசையும் கிடையாது. நான் பார்த்தேன். ஆரணியில் பாதிப் பேர் பார்த்தார்கள். அவர் பார்க்கவில்லை.

"எப்படி மேடம் இருந்துச்சு?" என்று கேட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உங்களுக்குக் கோவமே வராதா சார்?" என்று ஷோரூமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

"வருது மேடம். ரொம்ப வருது" என்றார். முகம் கறுத்துப் போயிருந்தது. "யார் மேல கோவப்படறது, சொல்லுங்க. மொதலாளி மரியாதைக்குத்தான் கல்லு போட்டாரு. அந்தம்மா தெரியாமதான் கேட்டாங்க. லாரிக்காரன் நேரத்துக்குப் போய்ச் சேரணும். யார் மேல படறது?"

அந்தக் கார் போன அடுத்த மாதமே அவரும் போய்விட்டார். சந்தவாசலில் அவர் வீட்டு வாசலில், பெரிய மாலையோடு நின்ற முதலாளி வந்தவர்களிடமெல்லாம், "தங்கமான மனுஷன், கோவம்னா என்னான்னே தெரியாது அவருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். சாவு வீடாயிற்றே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இங்கே சொல்லிவிடுகிறேன். அவருக்குக் கோபம் வந்தது. அதைக் காட்ட அவருக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. எனக்கும் கிடைக்கவில்லை. ஆனாலும் சேகர் சாருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கோபம்தான். அதை நான் ஆறவிடப் போவதில்லை.