ஒரு வருசம்னா ஒரு வருசம்

விஞ்ஞான பீடத்தில் வேலை செய்கிறவனிடம் ஒரு வருடத்துக்கு எத்தனை மாதம் என்று கேட்காதீர்கள். அவன் விளக்கத் தொடங்கினால் உங்களுடைய பஸ் போய்விடும். நான் வவுனியாவில் ஒரு பீடத்தில் விலங்கியல் படிப்பிக்கிறேன். வேலைநிறுத்தம், வெள்ளம், பிந்திய பரீட்சை, அதனால் பிந்திய விடுமுறை, அதனால் இன்னும் பிந்திய அடுத்த பரீட்சை என்று எங்கள் கலண்டர் ஊர்க் கலண்டரை விட்டுப் பிரிந்து எப்போதோ தனிக்குடித்தனம் போய்விட்டது. நீங்களும் எங்காவது ஒரு கம்பஸில் வெண்கட்டித் தூளைச் சுவாசிக்கிறவர் என்றால் இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள், கடைசியாக ஒருவழியாக முடிந்த வருடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

தென்னையும் நானும்

வருடம் வழமைபோலத் துறைக் கூட்டத்தோடு தொடங்கியது. எங்கள் உயிரியல் துறையில் கதிரைகளுக்குக் குறைவில்லை, இருக்கத்தான் ஆளில்லை. மேற்படிப்புக்கென்று வெளிநாடு போனவர்கள் போன இடத்திலேயே வேர் விட்டுவிட்டார்கள். பொங்கலுக்கு மட்டும் பனி கொட்டுகிற படத்தோடு வாழ்த்து அனுப்புவார்கள். தாவர உடற்றொழிலியல் படிப்பித்தவரும் கனடாவுக்குப் போய்விட, அந்தப் பாடம் கேட்பாரற்றுக் கிடந்தது. நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கில் இருக்கிற மாணவர்கள் செய்கிற அதே தந்திரம்தான். முகத்தைப் பார்க்காவிட்டால் கேள்வி நமக்கு வராது என்று ஒரு நம்பிக்கை.

பீடாதிபதி என் பெயரைத்தான் சொன்னார். நான் மீனும் தவளையும் படித்தவன், செடிகொடியில் எனக்குத் தெரிந்தது கறிவேப்பிலை மட்டும்தான் என்று மறுத்துப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "போன முறை விருந்தில தென்னைக்கு வெள்ளை ஈ வந்ததைப் பற்றி நல்லாக் கதைச்சனீங்கள் எல்லே, அது காணும்."

வேம்படியில் நின்றவர்

எங்கள் பீடத்தில் மூன்றாம் வருடத்தோடு பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நல்ல புள்ளி எடுத்தவர்கள் விரும்பினால் இன்னொரு வருடம் இருந்து, ஓர் ஆராய்ச்சி செய்து, சிறப்புப் பட்டம் எடுக்கலாம். அந்த முறை விலங்கியலுக்குத் தகுதி பெற்றவள் ஒருத்திதான், தர்சிகா. அவள் இல்லையென்றால் அந்த வருடம் எங்களிடம் சிறப்புப் பட்ட வகுப்பே இல்லை. அவளுக்கு ஆசை நிறைய. ஆனால் வீட்டில் அவளுக்குக் கீழே இன்னும் இரண்டு பேர் படிக்கிறார்கள். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலையும் பேசி வைத்திருந்தார்கள்.

ஒருநாள் அவளுடைய தகப்பன் ராமையா என்னைத் தேடி வந்தார். அலுவலகத்துக்குள் வரச் சொல்லியும் வரவில்லை. வெளியே வேம்பின் கீழ் மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். மலைநாட்டிலிருந்து வந்து பூவரசங்குளத்தில் குடியேறி நெல்லும் உளுந்தும் செய்கிற குடும்பம். அவருடைய பேச்சு இன்னும் மலைநாட்டுப் பேச்சுத்தான். ஒரு வருடம் பொறுத்தால் பிள்ளைக்கு நல்ல எதிர்காலம் என்று நான் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் பொறுக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார். வண்டியை உதைத்து ஸ்டார்ட் பண்ணிய பிறகு திரும்பிச் சொன்னார்: "ஒரு வருசம்னா ஒரு வருசம் தானுங்க சேர். அதுக்கு மேல அவங்களுக்கு நான் என்னான்னு சொல்ல?"

எல்லோருக்கும் ஒரே மாதிரி

என் தலையில் விழுந்த தாவரப் பாடம், முதலாம் வருட வகுப்பு. எங்களிடம் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்த பிள்ளைகளும் வருவார்கள், சிங்களத்தில் படித்த பிள்ளைகளும் வருவார்கள். விரிவுரை மட்டும் ஆங்கிலத்தில். கலத்துக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்று அரைமணித்தியாலம் ஆங்கிலத்தில் விளக்கினேன். விளங்கியதா என்று கேட்டேன். மண்டபம் முழுக்கக் கோயில் அமைதி. சரி என்று அதையே தமிழில் சொன்னேன். அரைவாசிப் பேர் தலையாட்ட, மற்ற அரைவாசி என்னைப் பாவமாகப் பார்த்தது. நியாயமாக நடக்க வேண்டுமென்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தொடங்கினேன். அதைக் கேட்டுச் சிங்களப் பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள்.

முன்வாங்கில் அநுராதபுரத்துப் பிள்ளை ஒருத்தி, விடுதியில் பழகிய தமிழோடு எழுந்து நின்றாள். மிகுந்த மரியாதையோடுதான் சொன்னாள்: "சேர், இங்கிலீசிலயே சொல்லுங்க. அப்ப எல்லாருக்கும் ஒரே மாதிரி விளங்காது."

பஸ்ஸில் போன மீன்

தர்சிகாவின் ஆராய்ச்சி இரணைமடுக் குளத்துத் திலாப்பியாவைப் பற்றியது. மாதாமாதம் கொஞ்ச மீன் கொண்டுவந்து, நீளமும் நிறையும் அளந்து, எந்தக் காலத்தில் எந்தப் பருமனில் குளத்தில் மீன் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். கேட்க லேசான வேலை. இரணைமடு கிளிநொச்சிப் பக்கம், நாங்கள் இருப்பது வவுனியா. பீடத்துக்கு ஒரு வான் உண்டு. அது ஓடுகிற நிலையில் இருக்கிற நாளில் யாராவது அதிதி வந்துவிடுவார். ஆகவே பிள்ளை குளிர் தாங்கும் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு மீனை அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள்.

ஒருமுறை பக்கத்தில் இருந்த அம்மா மீன் என்ன விலை என்று கேட்டிருக்கிறா. விற்பதற்கில்லை, அளப்பதற்கு என்றாளாம் இவள். அளந்து என்ன செய்வாய், எழுதுவேன், எழுதி என்ன செய்வாய் என்று விசாரணை மாங்குளம் தாண்டியும் நடந்திருக்கிறது. இவளுக்கே கடைசியில் தன் ஆராய்ச்சியில் சந்தேகம் வந்துவிட்டதாம். இறங்குகிற நேரம் அந்த அம்மா ஆறுதலாகச் சொல்லியிருக்கிறா: "நீர் அளந்து முடிச்சாப் பிறகு சொல்லும் பிள்ளை, நான் வந்து கறிக்குக் கொண்டுபோறன்."

சங்கமும் குளிரும்

பிறகு ஊழியர்களின் வேலைநிறுத்தம் வந்தது. கோரிக்கை நியாயமானது, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் ஆய்வுகூடம் பூட்டிக் கிடந்தது. உள்ளே உறைகுளிர்ப் பெட்டியில் தர்சிகா இன்னும் அளக்காத மீன். மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை போய்வந்த பிறகும் யாராவது உள்ளே போய் அந்தக் கிழட்டுப் பெட்டியின் ஆளியை மறுபடி அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் அது அப்படியே படுத்துவிடும்.

ஆய்வுகூடத்தின் பூட்டுக்கும் திறப்புக்கும் பொறுப்பான வசந்தன் வாசலில் கொட்டகை போட்டுச் சங்கக் கொடியோடு இருந்தார். உதவி கேட்கவும் மனமில்லை, கேட்காமல் விடவும் வழியில்லை. நான் அந்தப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்ததை அவர் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், வீதியைப் பார்த்தபடி சொன்னார்: "வேலைநிறுத்தம் எங்களுக்குத்தான் சேர், மீனுக்கில்லை. திறப்பு வழமையான இடத்தில கிடக்கு."

படிக்கிற பிள்ளைக்கு

இப்படியெல்லாம் காப்பாற்றிய மீன்தான் கடைசியில் எங்களைக் கவிழ்த்தது. தர்சிகா அதுவரை அளந்ததையெல்லாம் வரைபடமாகப் போட்டுக்கொண்டு வந்தாள். மழை வந்து குளம் நிறைந்து வழிந்திருக்கிறது, வயலுக்குத் திறந்துவிட்டு வற்றியிருக்கிறது. மீன் மட்டும் எல்லா மாதமும் ஒரே பருமனில் கொழுகொழுவென்று நின்றது. எனக்குப் பெரிய சந்தோசம். இந்த அதிசய வளர்ச்சியை எந்தச் சஞ்சிகைக்கு எழுதலாம் என்று யோசிக்கவே தொடங்கிவிட்டேன். அவள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. சின்ன மீனே இல்லாமல் ஒரு குளம் இருக்குமா என்று கேட்டுக்கொண்டே நின்றாள்.

அடுத்த முறை இருவருமாக, யாருக்கும் சொல்லாமல், வழமையைவிட வெள்ளெனப் போனோம். வள்ளங்கள் அப்போதுதான் கரைக்கு வந்திருந்தன. மீனவர் சங்கத் தலைவர் நேசன் அண்ணை குந்தியிருந்து மீனைப் புரட்டிப் புரட்டிப் பெரிதாகப் பார்த்து ஒரு நீல பேசினுக்குள் போட்டுக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் இன்னும் பெரியதைக் காட்டிக்கொடுத்தார்கள். அது தர்சிகாவின் பேசின். அவள் முதன்முதல் போய்க் கேட்டதிலிருந்து மாதாமாதம் இதுதான் நடந்திருக்கிறது. எங்களுக்குச் சின்னதும் பெரியதும் கலந்து, வலையில் வந்தபடியே வேண்டும் என்று நான் மெதுவாகச் சொன்னேன். நேசன் அண்ணைக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ன சேர் கதைக்கிறியள்? படிக்கிற பிள்ளை சோதினைக்குக் கொண்டுபோற மீன். நாங்கள் பொடி மீனைக் குடுத்து அவள் பெயிலாப் போனா எங்கட குளத்துக்கெல்லே மரியாதை இல்லை."

தப்பு யாரில்

திரும்பி வரும்போது தர்சிகா வெறும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அவ்வளவு மாத வேலையும் வீண். முதலிலிருந்து தொடங்க வேண்டும், தகப்பன் தந்த வருடமோ முடியப்போகிறது. எனக்கு யாரிலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. பஸ் வவுனியா வரும் வரை தேடினேன், ஆள் அகப்படவில்லை. இறங்கும்போது அவள் ஒரு முடிவோடு இருந்தாள். கிளிநொச்சியில் சிநேகிதி வீட்டில் தங்கி, விடிய முதல் இறங்குதுறைக்குப் போய், தெரிவு செய்வதற்கு முன்பே முழு மீனையும் அங்கேயே அளப்பாளாம். ஐஸும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம், வசந்தனின் திறப்பும் வேண்டாம். நல்ல யோசனை. ஆனால் காலம் வேண்டும்.

வீட்டில் தானே சொல்கிறேன் என்றாள். அது என் வேலை என்று நான் பூவரசங்குளம் போனேன். ராமையா முற்றத்தில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் உளுந்தைக் கையால் பரப்பிக்கொண்டே கேட்டார். பள்ளிக்கூடத்தில் இனிப் பொறுக்க மாட்டார்கள், வேறு ஆளை எடுத்துவிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அடுத்த அறுப்பு வரைக்கும் சமாளித்துப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு எழும்பினார். "யாரு மேலயும் தப்பில்லீங்களே சேர். அதாங்க கஷ்டம்."

நன்றி

பள்ளிக்கூட வேலை போனது. தர்சிகா இருட்டோடு எழும்பிப் போய் அளந்துகொண்டேயிருந்தாள். முதலில் வியாபாரிகள் அவசரப்படுத்தினார்களாம், பிறகு தராசைப் பிடிக்கவே வந்துவிட்டார்களாம். நேசன் அண்ணை மட்டும் மனக்குறையோடு தள்ளி நின்று பார்த்திருக்கிறார்.

ஒருவழியாக வாய்மொழிப் பரீட்சை வந்தது. தெற்கிலிருந்து ஒரு சிங்களப் பேராசிரியர் பரீட்சகராக வந்திருந்தார், சிரிக்காத மனிதர். தர்சிகா பழைய அளவுகளையும் மறைக்காமல் பக்கத்திலேயே போட்டிருந்தாள். மீன் திடீரென்று சின்னதாகிப் போனது ஏன், நோயா, களவு வலையா என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். அவள் தன்னுடைய ஆங்கிலத்தில், தட்டுத்தடுமாறி, பேசினையும் நேசன் அண்ணையையும் பற்றி உள்ளபடியே சொன்னாள். அவர் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார். அதுவரை ஒரு சொல் தமிழ் பேசாதவர், தேடித் தேடிப் பொறுக்கிக் கேட்டார்: "அந்த அண்ணாவுக்கு நன்றி போட்டதா?"

நேசன் அண்ணையின் தீர்ப்பு

போட்டிருந்தாள், ஆய்வறிக்கையின் நன்றியுரையில் முதல் பெயரே அவருடையதுதான். முடிவு வந்ததும், நல்ல வகுப்பில் சித்தியடைந்தேன் என்று சொல்ல இரணைமடுவுக்குப் போனாள். இந்த முறை நானும் போனேன், வான் கிடைத்தது. நேசன் அண்ணை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் வலை தட்டிக்கொண்டிருந்தவரிடம் திரும்பிச் சொன்னார்: "அந்தப் பொடி மீனை வைச்சே பாஸ் பண்ணிப்போட்டாள் எண்டா, கெட்டிக்காரிதான்."

மறுபடி வேம்படி

எங்கள் துறையில் கதிரை காலியென்று சொன்னேனே. தர்சிகாவைத் தற்காலிக உதவி விரிவுரையாளராக எடுத்தோம். பீடாதிபதி அவளுக்குத் தூக்கிக் கொடுத்த முதல் பாடம் தாவர உடற்றொழிலியல். அவள் என்னைப் பார்த்தாள், நான் யன்னலைப் பார்த்தேன்.

அந்த வாரம் ராமையா வந்தார். அதே வேம்பு, அதே மோட்டார் சைக்கிள், கையில் எனக்கென்று ஒரு பை உளுந்து. பிள்ளைக்கு வேலை எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டார். ஒரு வருடம் என்று சொன்னேன். அவர் முகத்தில் நான் முதன்முதலாகச் சிரிப்பைக் கண்டேன். "உங்க வருசமா சேர், எங்க வருசமா?"

இத்தனை காலம் நீளம், நிறை, காலம் எல்லாம் அளக்கப் படிப்பித்தவன் நான், ஆனாலும் அதற்கு மட்டும் விடை தெரியாமல் உளுந்துப் பையைத் தூக்கிக்கொண்டு, ஏற்கெனவே பிந்திப்போன அடுத்த விரிவுரைக்குப் போனேன்.