மண்டபம் தெரிகிற படம்

என் கணவரை நான் முதலில் பார்த்தது ஒரு படத்தில்தான். கோட்டும் டையும் போட்டு, இடுப்புக்கு மேலே மட்டும் தெரிய, பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் துலிப் பூக்களோடு நின்றார். படத்தின் பின்பக்கத்தில் முத்து முத்தான எழுத்தில், ‘நான் இப்போது இருக்கும் இடம்’ என்று எழுதியிருந்தது. சம்பந்தம் பேசி வந்த மாமா அதை என் கையில் தந்ததும் வீட்டில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள்: மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் தோட்டத்தோடு வீடு. நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, பூ கண்ணுக்கு முன்னால் நிற்கிறதே.

வந்து பார்த்தால் மூன்றாம் மாடியில் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும். யன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். தோட்டம் எங்கே என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகிறேன் என்றார். அன்றைக்கு என்னை ட்ராமில் ஏற்றி, நகரத்துப் பெரிய பூங்காவின் வாசலில் இறக்கி, இரண்டு டிக்கெட் வாங்கினார். தன் தோட்டத்துக்குள் போக டிக்கெட் எடுத்த மாப்பிள்ளை உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், பேச வேறு ஆள் இல்லாத குறைக்குப் பேசினேன்.

என் தலையெழுத்தைப் பாருங்கள், இப்போது அதே வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து டிக்கெட் கொடுப்பவள் நான். பிள்ளைகள் வளர்ந்த பிறகு கிடைத்த வேலை. காலையில் நடக்க வருகிற வயதானவர்கள் கூண்டில் நின்று கதைக்காமல் உள்ளே போகமாட்டார்கள். அவர்கள் சொல்லிச் சொல்லியே அந்த இடத்தின் வரலாறு எனக்குப் பாடமாகிவிட்டது. முதலில் அது கல்லு உடைக்கிற பள்ளமாம். பிறகு பள்ளத்தைச் சமப்படுத்தி மரங்கள் நட்டு, மண்டபங்கள் கட்டி, மலர்க் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். யுத்தம் வந்து பாதி மண்டபங்கள் இடிந்தன. நகரத்தில் உடைந்த வீடுகளின் செங்கல்லையும் சுண்ணாம்பையும் வண்டி வண்டியாய் இங்கேதான் கொண்டுவந்து கொட்டினார்களாம். அதற்கு மேல் மண் போட்டு ரோசா வைத்தார்கள். இன்றைக்குக் கல்யாணச் சோடிகள் படம் எடுக்க ஏறுகிற ரோசா மேடு அதுதான். கீழே யாருடைய குசினிச் சுவர் கிடக்கிறதோ என்று அவ்விடத்தால் போகும்போதெல்லாம் நினைப்பேன். இடிந்த வீட்டுக்கு மேல் பூ வைக்கலாம் என்று கண்டதில் எனக்கு ஒரு ஆறுதலும் உண்டு, எங்கள் யாழ்ப்பாணத்திலும் யுத்தத்தில் இடிந்த வீடுகளுக்குக் குறைவில்லை.

அந்தப் பூங்காவுக்கு வயதாகிவிட்டது, அதன் வரலாற்றைக் காட்சிக்கு வைக்கப்போகிறோம், பழைய படங்கள் இருந்தால் தாருங்கள் என்று போன வருடம் வாசலில் அறிவித்தல் ஒட்டினார்கள். நான் சும்மா இருப்பேனா? அலுமாரியில் இருந்த மாப்பிள்ளைப் படத்தை எடுத்துக்கொண்டு, காட்சிக்குப் பொறுப்பான ஜெர்மன் பெண்ணிடம் போனேன். தலை நரைத்த, மெதுவாகப் பேசுகிற மனுசி. அழகான படம் என்றார். ஆனால் பூக்களின் படம் பெட்டி பெட்டியாக வந்து கிடக்கிறதாம். எடுக்கும்போது உங்கள் கணவர் எங்கே குடியிருந்தார் என்று பேச்சுக்குக் கேட்டார். இங்கேதான், கிழக்கு மண்டபத்துக்குள் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். எண்பதுகளில் அந்தக் கண்காட்சி மண்டபத்தில் அகதிகளைத் தங்கவைத்தார்கள் என்று பழைய காகிதங்களில் ஒரே ஒரு வரி இருக்கிறதாம். எவ்வளவு தேடியும் ஒரு படம் கிடைக்கவில்லை. படம் இல்லாமல் அதற்கென்று ஒரு காட்சிப் பலகை வைக்க ஏலாது. மண்டபம் தெரிகிற மாதிரி உங்கள் ஆட்களிடம் ஏதாவது இருக்குமா என்று கேட்டார்.

எங்கே இருக்கும்? மண்டபம் தெரியக்கூடாது என்பதற்காகத்தானே எங்கள் ஆட்கள் அவ்வளவு பாடுபட்டார்கள். கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து, அங்கிருந்து எங்கள் நகரத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். மண்டபத்துக்குள் பலகைத் தட்டி அடித்து, இரட்டைக் கட்டில்களில் நாற்பது பேர். வீட்டுக்குப் படம் அனுப்ப நினைத்தால் தேவாலயத்தில் தர்மமாகக் கிடைத்த ஒரே கோட்டை மாறி மாறிப் போட்டுக்கொள்வார்கள். கமரா வைத்திருப்பவர் மண்டபத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார். படத்தில் வருகிறவர் மண்டபத்தைப் பார்த்துச் சிரிப்பார். பின்னால் பூ மட்டும் விழும். இதெல்லாம் கல்யாணமாகி எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, சிறுகச் சிறுக அவர் வாயிலிருந்து நான் பிடுங்கிய கதைகள்.

அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது அவரிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, அறைக்குள் போய், பழைய சூட்கேசின் துணியுறைக்குள் கையை விட்டு ஒரு படத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஓரத்தில் அதே துலிப், அதே கோட்டு, அதே டை. ஆனால் இது முழு ஆள். கோட்டுக்குக் கீழே இடுப்பில் சுற்றிக் கட்டிய கோடு போட்ட சாரம், காலில் ரப்பர் செருப்பு! முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறார். பின்னால் கிழக்கு மண்டபம் முழுதாய் நிற்கிறது. வாசல் கம்பியில் நாற்பது பேருடைய உடுப்பும் காய்கிறது. அதில் ஒன்று அவருடைய ஒரே காற்சட்டை. பிலிம் முடிகிற நேரம், வெயில் கண்ணில் அடிக்கிறது என்று கமராக்காரர் மற்றப் பக்கம் போய் நின்று கூப்பிட்டாராம். இவர் திரும்ப, படம் பிழையாய்ப் போனது. ஊருக்கு அனுப்ப முடியாது, கிழிக்கவும் மனம் வரவில்லை. இத்தனை வருடமும் என் கண்ணில் படாமல் வைத்திருந்திருக்கிறார், கள்ளன்!

இதைத்தான் அந்த மனுசி கேட்டவ, நாளைக்கே குடுப்பம் என்றேன். ஏலாது என்றார். நான் காரணம் கேட்டு எகிற, அவர் ஒரே விசயத்தைத்தான் சொன்னார்.

“இப்ப எல்லாத்தையும் போனிலை போடுவினம். ஒரு மணித்தியாலத்திலை அக்கா பாத்துப்போடுவா. நான் பூந்தோட்டத்திலை இருக்கிறன் எண்டு நினைச்சுத்தான் அவ அந்த நாளிலை நித்திரை கொண்டவ.”

தாயில்லாத வீட்டில் அவரை வளர்த்ததும் பயணம் அனுப்பியதும் அந்த அக்காதான். இப்போது எழுபது தாண்டி, யாழ்ப்பாணத்தில் அதே வீட்டில் இருக்கிறார். கோட்டுப் படத்தின் இன்னொரு பிரதி சட்டம் போட்டு அங்கே முன் அறையில் தொங்குகிறது. அக்காவை இவ்வளவு காலமும் ஏமாற்றியதாகிவிடும் என்பதுதான் இவருடைய பயம். ஆனால் என் புத்தி சும்மா இருந்ததா என்றால் இல்லை. ஒரு காலை படத்தைக் களவாக எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அவருக்குத் தெரியாமல் கொடுக்க மனம் வரவில்லை. பின்னேரம் பேசாமல் கொண்டுவந்து திரும்பச் சூட்கேசுக்குள் வைத்துவிட்டேன்.

காட்சிக்கு மூன்று கிழமை இருக்கும்போது, பலகைகளை அடுக்கிவிட்டார்கள், வந்து பாருங்கோ என்று அவரைக் கூட்டிப்போனேன். காட்சி நடப்பதும் அந்தக் கிழக்கு மண்டபத்தில்தான். இப்போது வெள்ளையடித்து, தரைக்கு மரம் பதித்து, ஆளே அடையாளம் தெரியாதபடி நிற்கிறது. அவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார். கல்லுடைத்த பள்ளம், முதல் கண்காட்சி, குண்டு, செங்கல் மேடு, ரோசா என்று ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஒன்றுக்கு முன்னால் நின்றார். நான் எழுத்தை வாசித்துத் தமிழில் சொன்னேன். ஒரு கடும் குளிர் வருடத்தில் பூங்காவின் பூநாரைகளை இந்த மண்டபத்துக்குள் வைத்துக் காப்பாற்றினார்களாம். வைக்கோலில் ஒற்றைக் காலில் நிற்கிற பறவைகளின் பெரிய படம். எத்தனை பறவை, என்ன தின்றன, ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர் என்று எல்லாம் எழுதியிருந்தது.

என் கணவர் அதிர்ந்து பேசாத மனிதர். அன்றைக்கு அவர் முகம் சிவந்துவிட்டது.

“நாரைக்குப் பேர் முதற்கொண்டு எழுதிக் கிடக்கு,” என்றார். “நாங்கள் ஏழு மாசம் இருந்தனாங்கள்.”

ட்ராமிலிருந்து இறங்கும்போது, படத்தைக் குடுப்பம், ஆனால் முதலில் அக்காவுக்கு நான்தான் சொல்லவேணும் என்றார். எனக்குக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ட்ராம் தரிப்பில் அதெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வழக்கம்போல வீடியோவில் வந்தார். சுகம் விசாரித்து முடிய இவர் தொடங்கினார். மண்டபம், நாற்பது பேர், தேவாலயத்துக் கோட்டு, அது வீட்டுத் தோட்டம் இல்லை, ஊராருடைய பூங்கா என்று, தலையைக் குனிந்தபடி, பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பொடியன் மாதிரி எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவர் முடித்த பிறகுதான் அக்கா வாயைத் திறந்தார்.

“அட விசரா, எங்கடை ஒழுங்கையிலை நாலு வீட்டிலை அதே கோட்டுத்தானே தொங்கினது. மூலை வீட்டுப் பெடியனுக்கு அது தொளதொள எண்டு, உனக்குக் கை கட்டை. எங்களுக்குக் கண் தெரியாதே?”

அந்த நாலு வீட்டுப் பெண்களும் கிணற்றடியில் கூடிக் கதைத்தார்களாம். பிள்ளைகள் கஷ்டப்படுகிறார்கள், ஆனால் நாங்கள் அறியக்கூடாது என்று நினைக்கிறார்கள், அதனால் ஒருத்தரும் கடிதத்தில் கேட்பதில்லை என்று முடிவெடுத்தார்களாம். படத்தைச் சட்டம் போட்டு மாட்டியதும் அதற்காகத்தானாம். என் கணவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுதார், சிரித்தார், எது எதுவென்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நானும் அழுதேன்.

நான்தான் சூட்கேஸ் படத்தைப் போனில் பிடித்து அனுப்பினேன். அக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மண்டபத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கம்பியில் காய்கிற உடுப்புகளையும் பார்க்கவில்லை.

“தம்பி, இது நான் மூட்டித் தந்த சாரமெல்லே?”

“ஓம் அக்கா.”

“குளிர் நாட்டிலை உந்தச் சாரத்தை ஆர் கட்டப்போறான், அவன் எறிஞ்சுபோடுவான் எண்டு எல்லாரும் என்னைச் சிரிச்சவை,” என்றார் அக்கா. “நீ கட்டியிருக்கிறாய். இதைப் பெரிசாப் போடச் சொல்லு.”

பெரிதாகத்தான் போட்டார்கள், பூநாரைப் படத்துக்குப் பக்கத்தில், அதைவிட ஒரு சாண் உயரமாக. பலகையில் ஏழு மாதமும் நாற்பது பேரும் எழுத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் முன் அறையிலும் கோட்டுப் படத்தை எடுத்துவிட்டு இதை மாட்டியாயிற்று. காட்சி பார்த்துவிட்டு வெளியே வருகிற வயதானவர்கள் என் கூண்டில் நின்று, கோட்டுக்குக் கீழே அந்த மனிதர் கட்டியிருக்கிற துணி என்ன என்று கேட்கிறார்கள். அவருடைய அக்கா தன் கையால் தைத்துக் கொடுத்தது என்று சொல்கிறேன்.