பேப்பரில் செத்த அண்ணன்

என் அண்ணன் சாகும்போது பக்கத்தில் இருந்தவள் நான் ஒருத்திதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேப்பரில் வந்த செய்தியில் நான் இல்லை.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்தது. பஸ் ஓடவில்லை. கள்ளக்குறிச்சியில் எனக்குக் காலாண்டுப் பரீட்சை. பள்ளிக்கூடம் திறந்திருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிடலாம் என்று அண்ணன்தான் பக்கத்து வீட்டுச் சைக்கிளை இரவல் வாங்கிவந்தான். தியாகதுருகத்தில் உரக்கடையில் மூட்டை தூக்குகிறவன். மறியலில் கடையை மூடிவிட்டார்கள், கூலி போச்சு என்ற எரிச்சலைத் தவிர அந்தப் போராட்டத்தைப் பற்றி அவன் ஒன்றும் பேசி நான் கேட்டதில்லை.

விடிந்தும் விடியாத நேரம். தூறல். ஒரு இறக்கத்தில் ரோட்டுக்குக் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை. எனக்குக் கை முறிந்தது. அவனுக்குத் தலை தார் ரோட்டில் அடித்தது. நான் தவழ்ந்து கிட்டே போனபோது, "பாப்பா, வண்டி இன்னாச்சி பாரு. இரவல் வண்டி" என்றான். அதற்கப்புறம் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வண்டி கிடைத்தும் அந்த மரத்தைத் தாண்டி வர முடியவில்லை.

மறுநாள் நிருபர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தாராம். டீக்கடையில் உட்கார்ந்து நாலு பேரிடம் கேட்டுவிட்டுப் போய்விட்டார். கையில் கட்டோடு நான் வீட்டில்தான் கிடந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பேப்பரில் கண் காது மூக்கு எல்லாம் வைத்து எழுதியிருந்தார். மறியலுக்காக மரத்தை வெட்டிச் சாய்க்கும்போது அண்ணன் அதிலிருந்து கீழே விழுந்தானாம். "என் உயிர் போனாலும் என் ஜனங்கள் படிக்கட்டும்" என்று சொல்லிக் கண்ணை மூடினானாம். அடேயப்பா! குழம்பில் உப்பில்லை என்றால்கூட வாயைத் திறந்து கேட்காதவன் அவன்.

ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகையும் வரவில்லை. மரத்துப்போய்க் கிடந்தேன். கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் மாலையோடு வந்து அம்மாவைக் கும்பிட்டார்கள். அதுவரை எங்கள் தெருவுக்குள் காலெடுத்து வைக்காதவர்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தினமும் பேப்பரை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொல்வாள்.

கருமாதிக்கு அந்த நிருபரும் வந்தார். வாசலிலேயே நிறுத்தி நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "இரவல் சைக்கிள்ல போனவன் மோதிச் செத்தான்னு எழுதினா எவம்மா போடுவான்? உங்க வூட்டுக்கு வந்திருக்கிற மரியாதைய பாரு" என்றார். போய்விட்டார்.

வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பியதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இறக்கம், தூறல், அவன் கடைசியாகக் கேட்டது. அவன் பேசியது என்னிடம் மட்டும்தானே இருக்கிறது, அது அவளுக்கும் வேண்டும் என்று நினைத்தேன். அம்மா என் முகத்தையே பார்த்தபடி கேட்டாள்.

"அப்ப எம்புள்ள சும்மா செத்தானாடி?"

 

அம்மா எழுந்துபோய் பேப்பரை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். படித்தேன். "உயிர் போனாலும்" என்ற இடம் வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"அத இன்னொரு தபா படி" என்றாள்.

படித்தேன்.