வெள்ளிக்கிழமை மீன் வாடை

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மனைவி வாசலில் நின்று மூக்கைச் சுளித்தாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா யாரு வீட்ல மீன் பொரிக்கிறாங்க?" மாசாயில் எங்கள் வரிசையில் பதினான்கு வீடுகள். ஒவ்வொன்றாக எண்ணி விலக்கிக்கொண்டே வந்தேன். கடைசியில் பார்த்தால் வாடை எங்கள் மகனின் காருக்குள்ளிருந்துதான். கார் கழுவும் கடை வைத்திருக்கிறான். தண்ணீரிலிருந்து உப்பை எடுக்கும் பிசின் மணிகள் ஒரு பையில், பூட்டிய காருக்குள் வெயிலில் வெந்துகொண்டிருந்தன. அவள் தூக்கிப் போடச் சொன்னாள். நான் குனிந்து இன்னொரு தடவை முகர்ந்தேன். எழுபத்திரண்டு வயதில் இதற்குத் திட்டு வாங்குவதில் வெட்கம் என்ன?

அந்த மணிகளை நீங்கள் பார்க்கவேண்டும். கடுகைவிடச் சிறியவை, சவ்வரிசி நிறம். பக்கத்துத் துறைமுக ஊரான பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் என் வேலை அவற்றோடுதான் தொடங்கியது. முதலில் வெறும் பிளாஸ்டிக் உருண்டைகள். உள்ளே கடற்பஞ்சு மாதிரி துளைகள். (நான் எண்ணாமல் விட்டது அவற்றை மட்டும்தான்.) அமீன் என்ற வேதிப்பொருளை அவற்றில் ஒட்டவைத்தால்தான் தண்ணீரைச் சுத்தம் செய்யும் சக்தி வரும். சூடேற்றினால் கல்யாண வீடு கலைவது போலத்தான். துளைகளில் இருந்த தண்ணீர், சாப்பிட வந்த கூட்டம் மாதிரி முதலில் கிளம்பும். அடுத்து ஒட்டவைத்த அமீன், கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி வெளியேறும். உருண்டை மட்டும் பந்தல்கால் போல வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். சூட்டைப் பத்துப் பத்து டிகிரியாக ஏற்றி, எடையைக் குறித்துக்கொண்டே போவேன். என் சுபாவத்துக்கு அது சொர்க்கம்.

அந்தச் சொர்க்கத்தில் ஆறு மாதம் முடியும் தறுவாயில் சிக்கல் வந்தது. என் சோதனையில் வரிசையாக மூன்று தொகுதிகள் சக்தி குறைவு என்று விழுந்தன. மேற்பார்வையாளர் முனியாண்டி சார், கோளாறு மணிகளில் இல்லை, என் எண்ணிக்கையில்தான் என்றார். நிரந்தர வேலைக்கான கடிதம் திங்கட்கிழமை வரவேண்டும். வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். எத்தனை நாள் பாக்கி என்று விரல்விட்டு எண்ணி எண்ணித் தூக்கம் போயிற்று.

அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, வாடையை வெளியே தள்ளும் காற்றாடி பழுது. கூடம் முழுக்க மீன் வாடை. முனியாண்டி சார் நேராக என்னிடம் வந்தார். சோதனைக்கூட ஓவனில் சாப்பாடு சூடாக்கினால் அன்றே வேலை காலி.

"மீன் குழம்ப ஓவன்ல வச்சியா? டப்பாவத் தொற."

பக்கத்து மேசை சரசு ரெங்கம் ஊர்க்காரி, யாருக்கும் பயப்படமாட்டாள். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை சார். அண்ணன் முட்டை போட்ட கேக்கையே தொடமாட்டாரு லா."

திறந்தேன். சோயாவில் செய்யும் தெம்பே போட்ட சம்பல், பயற்றங்காய்ப் பொரியல். சார் குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்து ஓவனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சோதனைக்கு முன் மணிகளை உலர்த்தும் ஓவன் அது. குமிழ் ஐம்பது டிகிரியில் நின்றது; அதைத் தினமும் மூன்று வேளை நோட்டில் எழுதியவன் நான்தான். உள்ளே ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்ததேயில்லை. சரசு வைத்தாள். பாதரசம் நூறைத் தாண்டி ஏறியது. மீன் வாடை அடித்தது சூட்டில் கழன்ற அமீன்; நான் சோதிக்கும் முன்பே சம்பந்தி கிளம்பிப் போயிருக்கிறார்!

"எல்லாத்தையும் எண்ணுவீங்க அண்ணே, இத விட்டுட்டீங்க" என்று சரசு சிரித்த சிரிப்பில் எனக்கும் அடக்கமுடியவில்லை. அதே தொகுதிகளிலிருந்து வேறு மணிகளை எடுத்து, சரியான சூட்டில் உலர்த்திச் சோதித்தோம். மூன்று தொகுதிகளும் தேறின. முனியாண்டி சார் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. என் டப்பாவிலிருந்து தெம்பே எடுத்துத் தின்றார். பத்துத் துண்டில் நாலு. திங்கட்கிழமை கடிதம் வந்தது. தினசரித் தாளில் எடைக்குப் பக்கத்தில், 'வாடை' என்று ஒரு கட்டத்தை அவரே அடிக்கோல் வைத்துப் போட்டார்.

முந்தாநாள் அந்தப் பக்கம் மகனோடு போனேன். தொழிற்சாலை இருந்த இடத்தில் கொள்கலன்கள் அடுக்கியிருக்கிறார்கள். நாற்பத்தொன்று வரை எண்ணினேன், அதற்குள் ஒரு லாரி மறைத்துவிட்டது. சோதனைக்கூடங்களில் மணிகளின் எடையை இப்போது இயந்திரமே பார்த்துத் தாளில் கோடு போட்டுவிடுகிறதாம். அதன் தாளில் வாடைக்குக் கட்டம் இருக்காது. காரின் கண்ணாடியை இறக்கி மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். கடல் பக்கமிருந்து வந்தது, வெறும் மீன் வாடைதான்.