தூங்கிக்கொண்டே வைத்த பூட்டு

மதியச் சாப்பாடு முடிந்ததும் மெத்தைக்கடைக்காரர் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்திலிருக்கும் இரட்டை மெத்தையில் மல்லாந்து படுத்துக்கொள்கிறார். கைகள் வயிற்றின் மேல் கோத்திருக்கும். கண்கள் மூடியிருக்கும். உதடுகள் மட்டும் எதையோ மென்றுகொண்டிருக்கும். தெருவில் போகிறவர்கள் பார்த்தால், சரக்கின் அருமையை உடம்பாலேயே விளக்குகிற வியாபாரி என்றுதான் நினைப்பார்கள். கதவு திறக்கிற சத்தம் கேட்டால் கண்ணைத் திறக்காமலே, "வாங்க, வாங்க. பக்கத்துல காலியாத்தான் இருக்கு, படுத்துப் பாருங்க. மெத்தைய உக்காந்து பாத்து வாங்குறது, செருப்பக் கையில மாட்டிப் பாக்குற மாதிரி" என்பார்.

அவர் தூங்குவதில்லை. தூக்கத்தின் வாசல்வரைக்கும் போய், உள்ளே விழுந்துவிடாமல் அங்கேயே நிற்கப் பார்க்கிறார். அந்த வாசலில்தான் ஒரு சொல்லைத் தொலைத்துவிட்டார்.

ஐம்பதைத் தாண்டிய ஆள். பஞ்சும் நுரையும் விற்று விற்று அவரும் கொஞ்சம் அப்படியே ஆகிவிட்டார். அழுத்தினால் உள்வாங்குவார், விட்டால் பழையபடி எழும்பிவிடுவார். கோபம் அவரிடம் தங்காது. யாரோ உள்ளே உறங்கிக்கொண்டிருப்பதுபோல் தணிந்த குரலில்தான் கடையில் பேசுவார். வருகிறவர்களுக்கும் அது தொற்றிக்கொள்ளும். பேரம்கூட அங்கே கிசுகிசுப்பாகத்தான் நடக்கும். பட்ஜெட் என்ன என்று அவர் கேட்பதில்லை. "எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீங்க?" என்றுதான் கேட்பார். ஒரு முறை புதிதாகக் கல்யாணமான இருவர் ஆளுக்கொரு திசையில் கையைக் காட்ட, "நல்லதாப் போச்சு. போர்வைக்கு மட்டுந்தான் சண்டை வரும், ரெண்டா வாங்கிக்குங்க" என்று விற்றுவிட்டார்.

அவருடைய மனைவி குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஊரின் பல மூலைகளிலிருந்து வரும் தண்ணீரைக் கண்ணாடிப் புட்டிகளில் வாங்கி, சோதனைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிற வேலை. பேச்சையும் அவள் சொட்டுச் சொட்டாகத்தான் விடுவாள். "சரி." "வேண்டாம்." "பாக்கலாம்." மாலையில் வீட்டுக்கு வந்தபின் இந்த மூன்றை வைத்தே குடும்பத்தை நடத்திவிடுவாள்.

ஆனால் ஜன்னல் வெளுக்கத் தொடங்கும் நேரத்தில் அவள் தூக்கத்தில் பேசுவாள். உளறல் கிடையாது. முழு வாக்கியங்கள். பகலில் யாருக்கும் காட்டாத ஒரு குழைவு அந்தக் குரலில் இருக்கும். "மேகத்தையெல்லாம் மடிச்சு உள்ள வைங்க, மழை வந்தா நனைஞ்சிடும்" என்பாள். "நிலாவுக்குக் காது மந்தம், கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்பாள். ஒரு தடவை மிகுந்த கவலையோடு, "கடலுக்கு மூடி எங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவள்போல் வெகுநேரம் புருவத்தைச் சுருக்கியபடியே உறங்கினாள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் இதைச் சொல்லிச் சிரித்தார். அவள் முகம் சுண்டிப்போயிற்று. "நான் அப்படியெல்லாம் பேசுற ஆள் இல்ல" என்றாள். அதன்பின் சில நாள், தூங்கினால் எதையாவது சொல்லிவிடுவோமோ என்று அவள் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்ததை அவர் பார்த்தார். அதோடு அந்தப் பேச்சை விட்டார். கேட்பதை மட்டும் விடவில்லை. ஒலிப்பதிவு செய்யும் போன் கைக்கு வந்த பிறகு, விடிகிற நேரத்தில் அதைத் தலையணைக்கும் சுவருக்கும் நடுவே வைத்துவிட்டுக் காத்திருப்பார். பல நாள் மூச்சுக்காற்றுதான் பதியும். ஏதோ ஒரு நாள் ஒரு வாக்கியம் விழும். குளத்தங்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவனுக்கு மீன் விழுந்த மாதிரி அன்றைக்கு முழுதும் உற்சாகமாக இருப்பார். இப்படியே ஆண்டுகள் போயின.

போன மழைக்காலத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நல்ல மாத்திரை. அழுத்தம் இறங்கியது. தூக்கம் கல்லுப்போல் ஆயிற்று. விடியற்காலை வாக்கியங்கள் நின்றுபோயின. தினமும் அவர் ஒரு பக்கமாகத் திரும்பிப் படுத்துக் காத்திருப்பார். அவள் மூச்சு சீராக வந்துபோகும், அவ்வளவுதான். அவள் உடம்பு தேறியதில் சந்தோஷப்படாமல் இப்படிக் காத்திருக்கிறோமே என்று தன்மேலேயே அவருக்கு வெட்கமாக இருக்கும்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் போன் போயிற்று. யாரோ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன மெத்தையின் உறையை அவர் சலவை இயந்திரத்தில் போட்டார். உறையின் மடிப்புக்குள் அவருடைய போனும் இருந்தது. வெளியே வந்தபோது வெளுத்துச் சுத்தமாக இருந்தது, உயிர்தான் இல்லை.

பக்கத்துக் கடையில் செல்போன் ரிப்பேர் செய்யும் பெண்மணி அதைப் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இது முடிஞ்சதுண்ணே. ஆனா கவலைப்படாதீங்க, உங்க கம்ப்யூட்டர்ல பேக்கப் எடுத்து வெச்சிருக்கோம்ல, புதுப் போன்ல அதை இறக்கிடலாம்" என்றாள். கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். பேக்கப் இருந்தது. கடவுச்சொல் கேட்டது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கதானண்ணே ரகசியமா இருக்கணும்னு பூட்டுப் போடச் சொன்னீங்க."

"சொன்னேன். என்ன போட்டேன்னுதான் தெரியல. நீ ஏதாச்சும் பண்ணித் தொறந்துடேன்மா."

"பூட்டுன்னா உடைக்கலாம்ணே. இது அப்படி இல்ல. உள்ள இருக்குறது எல்லாத்தையும் வேற ஏதோ மாதிரி மாத்தி எழுதி வெச்சிருக்கு. அந்தச் சொல் இருந்தாத்தான் அது திரும்பப் பழையபடி ஆகும். போனைத் தயாரிச்ச கம்பெனியே வந்தாலும் கைய விரிச்சிடும். நல்லவேளை, எத்தனை தடவை வேணும்னாலும் தப்பாப் போடலாம், கோவிச்சுக்காது. அப்படி என்னண்ணே இருக்கு உள்ள?"

"வீட்டுல உள்ளவ குரல் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தக் கடவுச்சொல்லை வைத்த மதியம் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாப்பிட்ட மயக்கம். இதே இரட்டை மெத்தை. வயிற்றின் மேல் கம்ப்யூட்டர். கண்ணாடி வழியே வந்த வெயில் கால்விரல்களில் கிடந்தது. திரை கேட்டது, அவர் தட்டினார். இன்னொரு தரம் கேட்டது, இன்னொரு தரம் தட்டினார். அப்படியே உறங்கிப்போனார். அவள் தூக்கத்தில் சொன்ன வாக்கியங்களில் ஒன்றைத்தான் போட்டார் என்பதில் சந்தேகமே இல்லை. எது என்பதுதான் அந்த உறக்கத்தோடு போயிற்று. தெரிந்தாலும் லேசில் முடியாது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருக்கிறார். மூடிக்கு இரண்டு 'ஓ' போட்டாரா, ஒரே 'யு'வா? கடலுக்கு எத்தனை 'கே'? சொல்லுக்குச் சொல் இடம் விட்டாரா? ஒரு சின்னக் கடல் நூறு விதமாக எழுதப்பட்டு, நூறு விதமும் தப்பாயிற்று.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உள்ளே வளர்ந்தது. வாக்கியங்களைத் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் அவை தேய்ந்துகொண்டே வந்தன. "படிக்கட்டு தூங்குது, மிதிக்காத" என்று அவள் சொன்னாளா, அல்லது ஒருநாள் மெத்தையில் கிடந்தபடி இவரே கட்டிக்கொண்டாரா? அவள் மடிக்கச் சொன்னது மேகத்தையா, போர்வையையா? குரலைக் கேட்டால் தெரிந்துவிடும். குரல் உள்ளே இருந்தது. நாளாக ஆக, மனைவியின் வார்த்தைகளில் எது அவளுடையது, எது தன்னுடையது என்று பிரிக்கத் தெரியாமல் நின்றார் மெத்தைக்கடைக்காரர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல் வாசலில் நின்றுகொண்டிருந்தார், தூக்கத்தின் வாசலில். கடைக்கதவு திறந்தது. "வாங்க, பக்கத்துல படுத்துப் பாருங்க" என்றார். பதில் வரவில்லை. கண்ணைத் திறந்தால் கால்மாட்டில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையில், கண்ணாடி மாற்றிய அவளுடைய போன். பக்கத்துக் கடையிலிருந்து நேரே வந்திருக்கிறாள். 'அண்ணன் அந்தப் பாஸ்வேர்டக் கண்டுபிடிச்சாரா அண்ணி, உங்க குரலாமே அதுல' என்று அந்தப் பெண்மணி வெள்ளந்தியாகக் கேட்டிருக்கிறாள்.

"என்ன குரல்?" என்றாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். மறைக்கிற வித்தை அவருக்கு வராது. விடியற்காலை, தலையணை ஓரத்துப் போன், சலவை இயந்திரம் எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் சொல்லி முடித்தார்.

"உங்க போனுக்குப் பூட்டு, அதுக்குப் பேக்கப்னு அதுக்கும் ஒரு பூட்டு. அது கெட்டதுலேருந்து பித்துப் பிடிச்ச மாதிரி வாய்க்குள்ளயே முனகல். உள்ள யாரோ இருக்காங்கன்னு நெனச்சேன்" என்றாள். அவ்வளவு நீளமாக அவள் பகலில் பேசி அவர் கேட்டதில்லை.

"யாரோன்னா?"

"யாரோன்னா யாரோ. கேக்க வேண்டாம்னு இருந்துட்டேன்." கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டாள். "உள்ள இருந்தது நான்தானா?"

"நீதான்."

அவள் மெத்தையின் விளிம்பில் உட்கார்ந்தாள். முதுகு அவர் பக்கம் இருந்தது. "என்னைக் கேக்காம எடுத்தது தப்பு" என்றாள்.

"தப்புதான். சொன்னா நீ தூங்க மாட்டே. அதுதான் பயம்."

தெருவில் ஒரு பஸ் போயிற்று. அதன் நிழல் மெத்தைகளின் மேல் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் போயிற்று. அவள் திரும்பாமலே, "என்னதான் சொன்னேன்?" என்று கேட்டாள்.

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நிலாவின் காது. மேகத்தின் மடிப்பு. ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்துச் சட்டை தைக்க எத்தனை முழம் துணி வேண்டும் என்று அவள் கணக்குப் போட்ட விடியல். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தார், சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கடல் வந்தபோது மட்டும் சிரிப்பு நின்றது.

"அன்னிக்கு லேப்ல ஒரு புட்டி மூடி காணாமப் போச்சு. கடல் தண்ணி வெச்சிருந்த புட்டி. ஒரு சாயங்காலம் பூரா தேடினேன்" என்றாள். பிறகு, "கிடைக்கல" என்றாள்.

படிக்கட்டைப் பற்றிக் கேட்டதும், "அது நான் சொல்லிருக்க மாட்டேன். அது நீங்க" என்றாள் தீர்மானமாக. யோசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவளும் கடைக்கு வருகிறாள். தேடும் வேலையை அவள் தன் கைக்கு எடுத்துக்கொண்டுவிட்டாள். ஒரு தடவைக்கு ஒரு எழுத்தைத்தான் மாற்றவேண்டும், மற்றதைத் தொடக்கூடாது என்பது லேப் ஒழுங்கு. "அவசரப்படாதீங்க. நெறம் மாறுதான்னு பாக்கணும்" என்பாள். அவர் மல்லாந்து படுத்தபடி வாக்கியத்தைச் சொல்ல, அவள் பக்கத்தில் சம்மணமிட்டுத் தட்டுவாள். வாடிக்கையாளர் வந்தால், "எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீங்க?" என்று அவளே கேட்கவும் பழகிவிட்டாள். இவரைப் போலக் குழைந்து கேட்க அவளுக்கு வராது. டாக்டர் கேட்பதுபோல் இருக்கும். அதற்கும் வியாபாரம் நடக்கிறது.

பேக்கப் திறக்கவில்லை. திறக்காமலே போகலாம் என்று பக்கத்துக் கடைப் பெண்மணி சொல்லிவிட்டாள். அவர் முன்போல் வருந்துவதில்லை. ஆனால் விட்டுவிடலாம் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தபோது, "வேண்டாம்" என்று அவள் தடுத்தாள்.

போன ஞாயிறு வெயில் மங்கலாக இருந்தது. அவர் சொல்லிச் சொல்லி வாக்கியங்கள் தீர்ந்து, பாதி உறக்கத்தில் இருந்தார். "கண்ண மூடிக்குங்க. நல்லா" என்றாள் அவள். மூடிக்கொண்டார். விசைகளின் சத்தம் கேட்டது. அவர் சொன்ன எந்த வாக்கியத்தையும்விட நீளமாக, எங்கும் தடுக்காமல், ஏற்கெனவே மனதில் எழுதி முடித்ததைத் தட்டுவதுபோல் அது போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"தப்பாம்" என்றாள்.

"என்ன போட்ட?"

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, விரல் பட்ட விசைகளை, தடம் தெரியாதபடி, அவள் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.