மூன்றாவது தடவை கேட்கட்டும் என்று காத்திருந்த ஆர்லிஸ்

ஆர்லிஸ் டோலெஃப்சனுக்கு ஐம்பத்தொன்பது வயது. அத்தனை வருஷத்தில் எதற்கும் முதல் தடவையிலேயே "சரி" என்று சொன்னவள் இல்லை. காப்பி வேண்டுமா என்று கேட்டால், "வேண்டாம், உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்பாள். மறுபடி கேட்டால், "ஏற்கெனவே போட்டிருந்தால் பார்க்கலாம்" என்பாள். மூன்றாவது தடவை கேட்டால்தான், "சரி, அரைக் கோப்பை." அந்த அரைக் கோப்பையை நாலு தடவை நிரப்பிக்கொள்வாள் என்பது வேறு விஷயம்.

எங்கள் ஊர் ரிச்ஃபீல்டில் அவள் ஒருத்தி மட்டும்தான் இப்படி என்றில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து சர்ச் நிலவறையில் காப்பி குடிக்கும்போது கேக் தட்டில் கடைசித் துண்டு மிஞ்சினால் அதை முழுசாக எடுக்கிற துணிச்சல் ஊரில் யாருக்கும் கிடையாது. ஒருத்தி வந்து பாதியை நறுக்கி எடுத்துப்போவாள். அடுத்தவள் அந்தப் பாதியில் பாதி. கடைசியில் பட்டாணி அளவுக்கு ஒரு துணுக்கு தட்டில் கிடக்கும். அதையும் வெட்டுவதற்கு ஒரு கத்தி பக்கத்திலேயே காத்திருக்கும்.

ஆனால் ஆர்லிஸ் இதில் ஊரையே மிஞ்சியவள். அது அப்பா வழிச் சொத்து. அவள் அப்பா ஓர்வில், வில்மார் பக்கம் பால்மாடு வைத்திருந்த ஆண்டர்ஸ் டோலெஃப்சனின் கடைக்குட்டி. குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, "எப்படி இருக்கு?" என்று கேட்ட டாக்டரிடம் "மோசமில்லை" என்று சொன்ன மனுஷன். ஆர்லிஸின் அக்கா டாரீன் மட்டும் அம்மாவைக் கொண்டு பிறந்தாள். அம்மா வீட்டார் வடக்கே இரும்புச் சுரங்கத்துக்காரர்கள். அவர்களுக்கு வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம்.

இந்தக் குணத்தால் ஆர்லிஸ் இழந்தது கொஞ்சமில்லை. இருபத்துமூன்று வயதில் லீராய் என்று ஒருவன் வந்தான். டெக்சாஸ்காரன், விமானப்படையில் வேலை. பொருட்காட்சியில் ராட்டினம் உச்சியில் போய் நின்றபோது, "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டான். "ஐயோ, அதெல்லாம் எதுக்கு" என்றாள் ஆர்லிஸ். கீழே இறங்கியதும் இன்னொரு தடவை கேட்டான். "உங்களுக்கு வேற நல்ல பொண்ணு கிடைப்பா" என்றாள். அன்று ராத்திரியே கல்யாணத்துக்கு எந்தக் கேக் சுடுவது என்று பட்டியல் போட்டுவிட்டாள். லீராய் மூன்றாவது தடவை கேட்கவில்லை. ஓமாஹாவில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு நாலு பிள்ளை பெற்றான்.

பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்த்துவந்தாள். தினமும் நானூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு. தலைமைச் சமையல்காரி வேலை காலியானபோது வெளியூரிலிருந்து புதிதாக வந்த தலைமையாசிரியர் அவளைத்தான் முதலில் கூப்பிட்டார். இரண்டு தடவை முறைப்படி மறுத்தாள். அவர், "சரி, விருப்பமில்லாதவங்களை வற்புறுத்தக் கூடாது" என்று வேறொருத்தி பெயரை எழுதிவிட்டார்.

இப்போது வீடு.

ஆணி, சுத்தியல் விற்கிற கடைக்கு மேல்மாடியில் இருபத்தேழு வருஷமாக வாடகைக்கு இருந்தாள். இரண்டு அடுப்பு, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பெட்ரோல் பங்க். அந்தக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள், நவம்பர் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும் என்று அக்டோபர் முதல் வாரம் கடிதம் வந்தது. அதே வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வரும்போது ஹார்லன் பிரெக்கி வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டிருப்பதைப் பார்த்தாள்.

அந்த வீட்டை அவளுக்கு வருஷக்கணக்காகத் தெரியும். ஒரே தளம், வெள்ளைப் பலகைச் சுவர், பின்பக்கம் புளிப்புத் தண்டுக்காக வளர்க்கிற ருபார்ப் செடிப் பாத்தி. ஜூன் மாதம் அந்தச் சிவப்புத் தண்டுகளை வேலி வழியாகப் பார்த்துக்கொண்டே எத்தனையோ தடவை நடையை மெதுவாக்கியிருக்கிறாள். தலைக்கு மேல் நிமிஷத்துக்கு ஒரு விமானம் போகும். ஆனால் அது விமான நிலையத்தை ஒட்டிய ரிச்ஃபீல்ட் முழுக்க உள்ளதுதான். விமானம் போகும்போது பேச்சைப் பாதியில் நிறுத்தி, போனதும் அதே வார்த்தையிலிருந்து தொடர எங்கள் பிள்ளைகள் மூன்று வயதிலேயே கற்றுக்கொள்வார்கள்.

பணம் இருந்தது. வாய்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க யாரும் வரலாம் என்று போட்டிருந்தார்கள். டாரீன் காரில் கூட்டிப்போனாள். ஆர்லிஸ் மடியில் ஒரு தட்டு நிறைய பேரீச்சம்பழ கேக். தட்டு தவறாமல் திரும்பி வர, அதன் அடியில் 'டோலெஃப்சன்' என்று எழுதிய ஒட்டுத்தாள்.

"வீடு பாக்கப் போறோம்டி, துக்கம் விசாரிக்கப் போகல" என்றாள் டாரீன்.

"ஒரு வீட்டுக்கு வெறுங்கையோட எப்படிக்கா போறது?"

வாசலில் இருவரும் செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே சிகாகோவிலிருந்து வேலை மாறி வருகிற ஒரு புருஷன் பெண்டாட்டி ஷூ காலோடு நடந்துகொண்டிருந்தார்கள். ஆர்லிஸ் அந்தக் கால்களைப் பார்த்தாள், விரிப்பைப் பார்த்தாள். வீட்டு புரோக்கர் டீனா ரூஸோ என்கிற அம்மாள். நியூ ஜெர்சியிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆட்கள் பார்க்க வரும் நேரத்தில் வீட்டுக்காரர் வெளியே போய்விட வேண்டும் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஹார்லனும் போனார், கார் ஷெட் வரைக்கும். கேக் வாசனை வந்ததும் திரும்பி வந்துவிட்டார்.

ஹார்லனுக்கு எழுபத்துநாலு வயது. மனைவி போன பிறகு தனியாக இருந்தார். துலூத்தில் மகள் வீட்டோடு போய்விடுவதாக ஏற்பாடு. அவர் ஆர்லிஸுக்கு வீட்டைக் காட்டிய லட்சணத்தைப் பார்த்து டீனாவுக்குத் தலை சுற்றியது.

"இந்தக் கதவு ஜனவரியில ஒட்டிக்கும்மா. தோளால இடிக்கணும்."

"தோளுக்கும் வேலை வேணுமில்ல" என்றாள் ஆர்லிஸ்.

"மழை ஜாஸ்தியானா நிலவறையில தண்ணி கசியும்."

"கொஞ்சம் கசியாத நிலவறை எங்க இருக்கு?"

"சார்," என்று டீனா இடையில் புகுந்தாள், "நீங்க விக்கிறீங்களா, இல்ல விரட்டுறீங்களா?"

நிலவறையில் பன்னிரண்டு பேர் உட்காருகிற நீள மேஜை ஒன்று கிடந்தது. மூலையில் ஒரு கன்றுக்குட்டியே படுக்கும் அளவுக்கு ஃப்ரீசர் பெட்டி. ஆர்லிஸ் மேஜை விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே நின்றாள். நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவள், தன் சொந்த மேஜையில் நாலு பேரைக் கூப்பிட்டுப் பரிமாறியதில்லை. ஹார்லன் அதைக் கவனித்தார்.

"நீயே இந்த வீட்டை எடுத்துக்கோயேம்மா."

ஆர்லிஸுக்கு நெஞ்சு ஒரு தடவை நின்று அடித்தது. வாய் மட்டும் தன் பழக்கத்தை விடவில்லை. "ஐயோ, ஒத்தை ஆளுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய வீடு!"

"அதுவும் சரிதான்" என்றார் ஹார்லன் சந்தோஷமாக. ஆர்லிஸும் சிரித்தாள். முதல் தடவை நல்லபடியாக முடிந்தது. டீனா தன் நோட்டில் 'விருப்பமில்லை' என்று எழுதிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை டீனாவிடமிருந்து போன். "ஹார்லன் கேக்கச் சொன்னாரு. நிச்சயமா உங்களுக்கு வீடு வேண்டாமா?"

"வேற யாராவது ஆசைப்பட்டா அவங்களுக்கே குடுக்கச் சொல்லுங்க. நான் எங்கயாவது இருந்துக்குவேன்" என்றாள் ஆர்லிஸ். போனை வைத்துவிட்டு நேரே கடைக்குப் போய்ச் சமையலறை ஜன்னலுக்கு மஞ்சள் திரைத்துணி வாங்கினாள். இரண்டு முடிந்துவிட்டது. இனி மூன்றாவதுதான் பாக்கி. புதனும் வியாழனும் குளிக்கப் போகும்போதுகூட போனை ஒயரோடு இழுத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை ஆர்லிஸ் வேலை முடிந்து வந்ததும், மூன்றரை மணிக்கு டாரீன் படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது.

"ஏண்டி, அந்த சிகாகோக்காரங்களுக்கு ஹார்லன் இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போடுறாராம். நீ ரெண்டு தடவை வேண்டாம்னுட்டியாம். ஊரே பேசுது."

ஆர்லிஸ் திரைத்துணியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தாள். "மூணாவது தடவை கேக்கலையே."

"அந்தப் புரோக்கரம்மா நியூ ஜெர்சிடி! அங்க வேண்டாம்னா வேண்டாம்தான். லீராய் மூணாவது தடவை கேட்டானா? இன்னும் ராட்டினத்து மேலயே உக்காந்திருக்கியா நீ?"

"லீராய் பேச்சை எடுக்காத."

"எடுப்பேன். எழுந்திரு."

"என்ன சொல்லிக்கிட்டு போய் நிக்கிறது?"

டாரீன் யோசித்தாள். "கேக் தட்டு அங்கதானே இருக்கு? தட்டை வாங்க வந்தோம்னு சொல்லு. மிச்சத்தை அங்க போய்ப் பாத்துக்கலாம்."

போனபோது மணி நாலு. ஹார்லன் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். எதிரே காகிதக் கட்டு, கையில் பேனா. டீனா பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"தட்டு…" என்றாள் ஆர்லிஸ்.

"கழுவி வச்சிருக்கேன்" என்றார் ஹார்லன். எழுந்துபோய்த் தட்டை எடுத்து, அதில் தோட்டத்துத் தக்காளியை அடுக்க ஆரம்பித்தார். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லை. "காப்பி?"

"வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

டாரீன் மேஜைக்கு அடியில் அவள் காலை உதைத்தாள். காப்பி வந்தது. இந்த வருஷம் பனி சீக்கிரம் விழும் என்றார் ஹார்லன். அணில்கள் அப்படித்தான் ஓடுகின்றன என்றாள் ஆர்லிஸ். போன வருஷம் தாமதம் என்றார் அவர். ஆமாம், தாமதம் என்றாள் இவள். டாரீன் இரண்டாவது தடவை உதைத்தபோது தக்காளி ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

ஹார்லனால் கேட்டிருக்க முடியாதா? முடியாது. ஒருவர் விலை எழுதிக் கொடுத்த காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு இன்னொருத்தியிடம் "எடுத்துக்கோயேன்" என்றால் அது கெஞ்சுவது. அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். அதனால் பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டு ஆர்லிஸ் வாயையே பார்த்தார். ஆர்லிஸ் தக்காளியைப் பார்த்தாள்.

"சரி, அப்போ…" என்று முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள் ஆர்லிஸ்.

டீனா நிம்மதியாக மூச்சுவிட்டாள். எங்கள் பக்கம் முழங்காலைத் தட்டிவிட்டால் ஆள் கிளம்பிவிட்டதாக அர்த்தமில்லை, கிளம்புகிற வேலை ஆரம்பமாகியிருக்கிறது, அவ்வளவுதான் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. சமையலறை வாசலில் பத்து நிமிஷம் ஹார்லன் மகளின் முதுகுவலி பற்றிப் பேச்சு. வெளிக்கதவில் கையை வைத்தபடி பத்து நிமிஷம் பனி வாருகிற இயந்திரம் பற்றி. பிறகு செருப்பு மாட்டிக்கொண்டு கார் வரை நடந்தார்கள். டீனா காகிதக் கட்டோடு பின்னாலேயே வந்தாள். "சார், மணி நாலே முக்கால்!"

ஆர்லிஸ் காரில் ஏறினாள். பெல்ட்டை மாட்டினாள். மடியில் தக்காளித் தட்டு. ஹார்லன் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். டாரீன் சாவியைத் தொடவே இல்லை. "காரைக் கிளப்பட்டுமா? கிளப்பினா, மறுபடி பெட்ரோல் பங்க்தான் பாத்துக்கிட்டு உக்காரணும்" என்றாள் முன்னால் பார்த்தபடி.

ஆர்லிஸ் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். நீள மேஜை கண்ணுக்கு முன்னால் வந்தது. மூச்சை இழுத்து, "எனக்கு இந்த வீடு வேணும்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து விமானம் ஒன்று கூரைக்கு மேலே போயிற்று.

"என்னம்மா?" என்றார் ஹார்லன் காதைக் குவித்து.

ஐம்பத்தொன்பது வருஷமாகச் சேர்த்த துணிச்சல் ஆகாயத்தோடு போய்விட்டது. "ஒண்ணுமில்ல, தக்காளி நல்லா இருக்குன்னேன்" என்று சொல்ல வாயெடுத்தாள். டாரீன் முகத்தைப் பார்த்தாள். மறுபடி, "எனக்கு இந்த வீடு…" என்றாள். அடுத்த விமானம்.

மூன்றாவது தடவை அவள் காத்திருக்கவில்லை. அந்த விமானத்தை விடச் சத்தமாக, தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கத்தினாள். பாதி வாக்கியத்தில் விமானம் போய்விட்டது. தெரு முழுக்க நிசப்தம். அதில் கணீரென்று கேட்டது:

"வீடு எனக்கு வேணும்!"

எதிர்வீட்டில் இலை வாரிக்கொண்டிருந்தவர் வாரியைப் போட்டுவிட்டார். ஒரு நாய் குரைத்தது. டாரீன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள், அழுகிற மாதிரி.

"அதைச் சொல்லத்தானே நான் இவ்ளோ நேரம் குளிர்ல நிக்கிறேன்" என்றார் ஹார்லன். பேனாவைத் தூக்கிக் காட்டினார். மூடியே திறக்கவில்லை.

டீனா காகிதக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ஆனா இவங்க ரெண்டு தடவை வேண்டாம்னாங்களே சார்!"

"ரெண்டு தடவைதானேம்மா" என்றார் ஹார்லன்.

சிகாகோக்காரர்கள் சொன்ன விலையையே ஆர்லிஸும் கொடுத்தாள். ஹார்லன், கதவு ஒட்டுகிறதே, கொஞ்சம் குறைக்கட்டுமா என்றார். கூடாது என்றாள். சிகாகோக்காரர்களை டீனா அடுத்த தெருவில் ஒரு வீட்டில் குடிவைத்தாள்.

நவம்பர் கடைசி வாரம் சாவி கைமாறியது. கூட்டிப்போக வந்த மகளின் காரில் ஏறும்போது ஹார்லன் திரும்பி, "அந்த ஃப்ரீசர் பெட்டியை நீயே வச்சுக்கோம்மா" என்றார்.

"ஐயோ, அவ்ளோ பெரிசு எனக்கெதுக்கு!"

"வச்சுக்கோயேன்."

"உங்க மகளுக்கு ஆகுமே."

மகள் அவசரக்காரி. துலூத் வரை பனி விழப்போகிறது என்று காரைக் கிளப்பிவிட்டாள். கார் தெரு முனையைத் தாண்டியது. ஆர்லிஸ் சாவியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். பக்கத்தில் நின்ற டீனா அவளை ஒரு பார்வை பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

"ஆர்லிஸ், நான் ஹார்லனுக்குப் பதிலா கேக்கறேன். அந்தப் பெட்டி உங்களுக்கு வேணுமா?"

"சரி," என்றாள் ஆர்லிஸ், "நீங்க இவ்ளோ தூரம் சொல்றதால." பிறகு கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள். "உள்ள வாங்க, காப்பி போடறேன்."

"வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றாள் டீனா, செருப்பைக் கழற்றிக்கொண்டே.